புது மெமரி ஃபோம் மெத்தை வாடை: குழந்தையைப் படுக்கவைக்கலாமா?

வைகைக்கரை:
ஆன்லைனில் வாங்கிய மெமரி ஃபோம் மெத்தை, சுருட்டி பிளாஸ்டிக்கில் அடைத்து வந்தது. உறையைக் கிழித்ததும் பெயின்ட் கடைக்குள் நுழைந்தது போல வாடை. ஏசி போட்டுக் கதவைச் சாத்திப் படுத்தால் தலை கனக்கிறது. வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது, அத்தைக்கு (மாமியாருக்கு) வீசிங் உண்டு. வாடை போகட்டும் என்று அத்தை தினமும் சாம்பிராணி போடுகிறார். விற்றவர்களைக் கேட்டால் "புதுசுன்னா அப்படித்தான் மேடம், ஒண்ணும் பண்ணாது" என்கிறார்கள். பெட்டியில் "நச்சுத்தன்மை அற்றது" என்று அச்சடித்திருக்கிறது, அவ்வளவுதான். திருப்பி அனுப்பும் கெடு நெருங்குகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போடிக்காரன்:
இந்த வம்பே வேண்டாம் அக்கா. எங்கள் ஊர்ப் பக்கம் இலவம் பஞ்சு மெத்தைதான், ரசாயன வாடை கிடையாது. வெயிலில் போட்டு எடுத்தால் போதும்.

பொள்ளாச்சி நார்:
சகோதரி, நான் ஃபோம் வெட்டும் யூனிட்டில் வேலை பார்த்தவன். இப்போது தேங்காய் நார் மெத்தை செய்கிறேன்.

முதலில் சாம்பிராணியை நிறுத்தச் சொல்லுங்கள். மூடிய அறையில் அந்தப் புகை வீசிங்கைக் கிளப்பிவிடும். வாடையும் மறையுமே தவிரப் போகாது.

பாலியோல், ஐசோசயனேட் என்ற இரண்டு திரவங்களைக் கலந்தால் பொங்கி எழுந்து ஃபோம் ஆகும். ஐசோசயனேட், ஆலையில் அதைக் கையாளுகிறவருக்கு ஆஸ்துமாவே வரவழைக்கும். ஆனால் ஃபோம் சரியாக இறுகிவிட்டால் அது வினைபுரிந்து முடிந்துவிடும். மிச்சம் நிற்பவை, வினையை வேகப்படுத்தச் சேர்த்த அமீன் வினையூக்கி, அடுக்குகளை ஒட்டிய பசையின் கரைப்பான் மாதிரியானவை. சுருட்டி அடைத்ததால் இவை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பிரித்ததும் மொத்தமாக வருகின்றன. காற்றோட்டம் இருந்தால் பெரும்பாலும் சில நாள்களில், சில சமயம் சில வாரங்களில் அடங்கும். கதவைச் சாத்தி ஏசி போட்டால் அதே காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும்.

ஆனால் மூக்கை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்லாதீர்கள். நான் செய்யும் நார் மெத்தையிலும் வாடை வரும். நாரின் மேல் ரப்பர் பால் தெளித்து, கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்குகிறோம், அந்த வாடை அது. மறுபக்கம், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி 2004இல் வகைப்படுத்திய ஃபார்மால்டிஹைட், குறைந்த அளவில் இருந்தால் மூக்குக்குத் தெரியாது. தீத்தடுப்பு ரசாயனங்களும் பெரும்பாலும் அப்படித்தான்.

அதனால் சான்றுக் காகிதத்தைக் கேளுங்கள். "நச்சுத்தன்மை அற்றது" என்பதை யாரும் அச்சடிக்கலாம். செர்ட்டிபூர்-யூஎஸ் என்ற ஃபோம் சான்று என்றால், ஃபோமிலிருந்து வெளியேறும் ஆவிப்பொருள்கள் 0.5 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் அரைப் பங்கு) குறைவாக இருக்க வேண்டும். ஃபார்மால்டிஹைட், ஈயம், பாதரசம், பிபிடிஇ வகைத் தீத்தடுப்பிகளையும் பார்ப்பார்கள். ஆனால் அது ஃபோமுக்கு மட்டும்தான், உறைக்கும் பசைக்கும் இல்லை. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்றால் துணி, நூல், ஜிப் வரை சோதிப்பார்கள். மூன்று வயது வரையான குழந்தைகளுக்கு அதில் முதல் வகுப்பு, அதுதான் கடுமையானது. சான்று எண்ணை அவர்கள் இணையதளத்தில் அடித்து, யார் பெயருக்கு, எந்தப் பொருளுக்கு என்று பாருங்கள். எண் தர மறுத்தால் எனக்கு அந்த மெத்தை வேண்டாம்.

இன்னொன்று: உள்ளே ரீபாண்டட் ஃபோம் இருக்கிறதா என்று கேளுங்கள். கழிவு ஃபோமைத் துண்டாக்கிப் பசை சேர்த்து அழுத்தியது அது. எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் துண்டுகள் எங்கிருந்து வந்தவை என்பதைப் பல சமயம் விற்பவராலேயே சொல்ல முடியாது. குழந்தைக்கு நான் போடமாட்டேன்.

போடிக்காரத் தம்பி, இலவம் பஞ்சு எனக்கும் பிடிக்கும். ஆனால் எட்டு மாதக் குழந்தைக்கு அமுங்காத, கெட்டியான படுக்கைதான் வேண்டும். முகம் புதைகிற படுக்கையில் மூச்சு முட்டும். வாடையைவிட அது பெரிய ஆபத்து. மெமரி ஃபோமுக்கும் இதே பேச்சுதான்.

வைகைக்கரை:
சாம்பிராணியை நிறுத்தியாயிற்று அண்ணா. சான்று எண் கேட்டு எழுதியிருக்கிறேன். அதுவரை மொட்டை மாடியில் வெயிலில் போடலாமா?

பொள்ளாச்சி நார்:
வேண்டாம், நேர் வெயிலில் ஃபோம் மஞ்சளித்துப் பொடியத் தொடங்கும். நிழலில், ஜன்னலோரம் நிமிர்த்திவைத்து ஃபேன் போடுங்கள். அந்த அறையில் அத்தையும் குழந்தையும் படுக்க வேண்டாம். அத்தைக்கு இழுப்பு அதிகமானால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

வைகைக்கரை:
"பொருள் பாதுகாப்பானது" என்று மட்டும் பதில் வந்தது, எண் இல்லை. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். குழந்தைக் கட்டிலுக்கு நார் மெத்தை வாங்கப்போகிறேன். நாலு இஞ்சா, ஆறு இஞ்சா?

பொள்ளாச்சி நார்:
நாலு போதும். உயரம் கூடினால் குழந்தை எழுந்து நிற்கும்போது கம்பியைத் தாண்டி விழலாம். நீள அகலத்தைக் கட்டிலின் உட்பக்கம் அளந்து கொடுங்கள். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது.