ஃபோர்-ஸ்ட்ரோக் அவுட்போர்டு: சாதா பெட்ரோலா, 95-ஆ, 100-ஆ?

பாம்பன்_ஃபைபர்:
மண்ணெண்ணெய் டூ-ஸ்ட்ரோக்கை எடுத்துவிட்டு ஃபைபர் படகில் 9.9 குதிரைத்திறன் ஃபோர்-ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) மாட்டியாச்சு. கார்புரேட்டர் மாடல், 25 லிட்டர் தனி டேங்க். ஆக்டேன் (பெட்ரோல் எஞ்சினில் தட்டாமல் எரியும் அளவு) 87 போதும், எத்தனால் 10 சதவீதம் தாண்டக்கூடாது என்று கையேட்டில் இருக்கு. பங்கில் கிடைப்பதோ இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 95 ஆக்டேன் பெட்ரோல் போடலாமா, 100 தான் போடணுமா? செலவு குறைய மண்ணெண்ணெய் கொஞ்சம் கலக்கலாம், 2டி ஆயிலும் (டூ-ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில்) ஊற்றணும் என்று கரையில் ஆளுக்கொன்று சொல்றாங்க. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

கடற்கரை_மெக்கானிக்:
தம்பி, முதலில் அந்த 87. அது அமெரிக்க பங்குகளில் போடும் கணக்கு. நம்ம ஊர்க் கணக்கில் அதுவே சுமார் 91. சாதா பெட்ரோல் 91-க்குக் குறையாது, அதனால் ஆக்டேனுக்காக 95-க்கோ 100-க்கோ போக வேண்டியதில்லை. ஆக்டேன் கூடினால் இழுவை கூடாது, மைலேஜும் கூடாது. 95 என்று போர்டு இருப்பதால் எத்தனால் இல்லை என்றும் அர்த்தமில்லை.

மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். அதற்கு ஆக்டேன் ரொம்பக் குறைவு, லோடு ஏறும்போது எஞ்சின் தட்டும். அதைவிட மோசம், முழுசா எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே ஆயில் சம்ப்பில் (எஞ்சின் ஆயில் தேங்கும் தொட்டி) இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்து, மோந்து பார்த்து மண்ணெண்ணெய் வாடை அடித்தால் அதுதான் காரணம். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும், உடனே மாற்றுங்க.

2டி ஆயிலும் ஊற்றாதீங்க. ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு ஆயில் சம்ப்பில் தனியாக இருக்கு. பெட்ரோலில் கலந்தால் ப்ளக் கறுத்து, வால்வில் கரி பிடிக்கும். சம்ப்புக்கு எஃப்சி-டபிள்யூ முத்திரை (ஃபோர்-ஸ்ட்ரோக் படகு எஞ்சின் ஆயிலுக்கான தரம்) உள்ள 10டபிள்யூ-30 மரைன் ஆயில். பைக் ஆயில் உப்புக்காற்றுக்குச் செய்ததில்லை.

குளச்சல்_வலை:
அண்ணன் சொன்னதோடு எத்தனால் விஷயத்தையும் சேர்த்துக்கோங்க. காரைவிடப் படகில்தான் அது கூடுதல் தொந்தரவு. எத்தனால் தண்ணீரை இழுக்கும். தனி டேங்கின் காற்றுத் துளை வழியாக ஈரக்காற்று போய்வந்துகொண்டே இருக்கும். இ10 பெட்ரோல் நூற்றுக்குச் சுமார் அரைப் பங்கு தண்ணீர் வரை தாங்கும். 25 லிட்டரில் 125 மில்லி. இ20 அதைவிடக் கொஞ்சம் கூடத் தாங்கும். அளவு மீறினால், அல்லது ராத்திரி குளிர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரியும். டேங்கின் உறிஞ்சு குழாய் அடியில்தானே இருக்கு, எஞ்சினுக்கு முதலில் போவது அதுதான். மேலே நிற்கும் பெட்ரோலுக்கும் ஆக்டேன் குறைந்திருக்கும். குலுக்கினாலும் பழையபடி சேராது. அந்த டேங்கைக் காலி செய்வதைத் தவிர வழியில்லை.

எத்தனால் எவ்வளவு என்று நீங்களே அளக்கலாம். 100 மில்லி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர் ஊற்றி, 100 கோடு வரை பெட்ரோல் நிரப்பி, மூடிக் குலுக்கிப் பத்து நிமிஷம் வையுங்க. கீழ் மட்டம் 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 19-க்கு வந்தால் இ10, 28-க்கு வந்தால் இ20. ஒன்றிரண்டு மில்லி முன்னே பின்னே இருக்கும். அளந்ததை டேங்கில் திரும்ப ஊற்றிவிடாதீங்க.

100 ஆக்டேனை எத்தனால் இல்லாதது என்றே விற்கிறாங்க. அதையும் இப்படி அளந்து பாருங்க. சரியாக இருந்தால் பாதிக்குப் பாதி இ20-யோடு கலந்தால் இ10 ஆகிவிடும், கையேட்டு அளவுக்குள் வரும். வாரண்டி ஓடும் வரை அந்தச் செலவு நியாயம் என்பது என் கருத்து. ஒன்று கவனம்: பழைய, ஈரம் குடித்த இ20 மேல் எத்தனால் இல்லாததை ஊற்றினால் தண்ணீர் சட்டென்று பிரியும். இரண்டும் புதிதாக இருக்கணும்.

வடமராட்சி_அவுட்போட்:
எங்கட பக்கம் 92, 95 எண்டு ரெண்டு பெற்றோல் இருக்கு. இந்த எஞ்சினுகளுக்கு 92 காணும். எது போட்டாலும் தண்ணியைத் தடுக்கிறதுதான் முக்கியம். டாங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில 10 மைக்ரோன் தண்ணி பிரிக்கிற ஃபில்டர் பூட்டுங்கோ. கிண்ணம் கண்ணுக்குத் தெரியிற மாதிரி வாங்கினா ஒவ்வொரு நாளும் பாத்துத் திறந்து விடலாம்.

எத்தனால் பெற்றோல் பழைய ரப்பரை ஊதவும் வெடிக்கவும் வைக்கும். ஓஸில எஸ்ஏஇ ஜே1527 (படகு பெற்றோல் ஓஸுக்கான தரம்) எண்டு அச்சிருக்கோ எண்டு பாருங்கோ. பிரைமர் பல்ப் (ஓஸில கையால அமத்துற ரப்பர் உருண்டை), பம்பின்ர டயாஃப்ரம், ரெண்டும் கவனிக்க வேணும். முழு வேகத்தில இழுவை விழுந்து, பல்பை அமத்தினதும் திரும்ப வந்தா பெற்றோல் வாற வழியிலதான் பிழை: காத்துத் துளை பூட்டியிருக்கும், ஃபில்டர் அடைச்சிருக்கும், இல்லாட்டி பம்ப். சோக் இழுத்தா மட்டும் நிண்டு ஓடுதெண்டா கார்புரேட்டரின்ர பைலட் ஜெட்டில (ஐடிலுக்குப் பெற்றோல் விடுற சின்னத் துளை) காய்ஞ்ச பெற்றோல் பிசின். ஃபைபர் கண்ணாடியில வார்த்த டாங்குக்கு எத்தனால் பெற்றோல் விடவே கூடாது, ஃபைபரின்ர பிசின் கரைஞ்சு வால்வில ஒட்டும்.

பாம்பன்_ஃபைபர்:
ரொம்ப நன்றி அண்ணே. வாடைக்காலத்தில் படகு இரண்டு மூணு வாரம் சும்மா கிடந்தால்?

கடற்கரை_மெக்கானிக்:
நல்ல தண்ணீர் கொடுத்து ஓட்டும்போதே பெட்ரோல் ஓஸைக் கழட்டி, தானாக நிற்கும் வரை ஐடிலில் விடுங்க. அப்பவும் கார்புரேட்டரின் ஃப்ளோட் பவுலில் (பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) கொஞ்சம் மிஞ்சும். அடி ஸ்க்ரூவைத் திறந்து வடித்துவிடணும். அந்த மிச்சம்தான் காய்ந்து ஜெட்டை அடைக்குது. இஎஃப்ஐ மாடல் (கார்புரேட்டர் இல்லாமல் மின்னணு முறையில் பெட்ரோல் பீய்ச்சுவது) வைத்திருப்பவர்கள் இப்படி வறட்சியாக ஓட்டாதீங்க, பம்ப் கெடும். டேங்கில் மீந்ததை பைக்கில் ஊற்றித் தீர்த்துடுங்க. 9.9 முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 4 லிட்டர் குடிக்கும், அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்க. இ20-யில் ஓட்டுகிற நாளில் அதோடு கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துப் போங்க, எத்தனாலுக்குச் சூட்டு சக்தி குறைவு.