தோட்டத்துப் பலாமரத்துக்கு வயசு எப்படி பாக்குறது? பொந்து வேற விழுந்துருக்கு

முந்திரிக்காட்டான்:
எங்க ஊரு பண்ருட்டி பக்கம். வீட்டுக்குப் பின்னாடி தோட்டத்துல ஒரு பலாமரம் நிக்குது, தான் பொறந்த வருஷம் தாத்தா நட்டதுன்னு அப்பா சொல்வாரு, அவருக்கு இப்ப 67. ஆனா அத்தை, அதாவது அப்பாவோட அக்கா, அதெல்லாம் கெடையாது உங்கப்பன் பொறக்கும்போதே அது என் இடுப்பு ஒசரம் இருந்துச்சுங்குறாங்க. பொங்கலுக்குப் பொங்கல் இந்த சண்டை நடக்கும். 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்ப சுத்துவட்டாரத்துல பலா, முந்திரி எல்லாம் வேரோட சாஞ்சு கெடந்துச்சு, எங்க மரம் மேல்பாதி முறிஞ்சு மொட்டையா நின்னுச்சு. மூணு வருஷம் காய்க்கல, அப்புறம் துளுத்து இப்ப அடிமரத்துலயே மண்ணைத் தொடுற மாதிரி காய்க்குது. பிரச்சனை என்னன்னா முறிஞ்ச எடத்துல தண்ணி எறங்கி பொந்து விழுந்துருக்கு, உள்ள கிளி ஒண்ணு குடும்பம் நடத்துது. தம்பி பின்னாடி ரூம் எடுக்கணும், வெட்டிரலாம்ங்குறான். யாரு சொல்லி வந்தாரோ ஒரு மர வியாபாரி வேற பாத்துட்டுப் போயிட்டாரு. பொந்துல சிமெண்ட் வச்சு அடைச்சா நிக்குமா?

உளிச்சத்தம்:
தம்பி சிமெண்ட் மட்டும் வேணவே வேணாம், ஈரம் உள்ளயே நின்னு இன்னும் சீக்கிரம் இத்துப்போகும். நடுவுல இருக்குற வைரம் உசுரில்லாத கட்டைதான், பட்டைக்கு அடியில இருக்குற மெல்லிசு அடுக்குலதான் மரத்துக்கு உசுரு, அதான் உள்ள போனாலும் வெளிய துளுக்குது. சுத்தி எவ்ளோ நல்ல கட்டை மிச்சம் இருக்குங்குறதுதான் கணக்கு, சுத்தியலால தட்டிப் பாருங்க, கணீர்னா பயமில்ல, டொப்புனு கேட்டா யோசிக்கணும். வயசு வளையம் எண்ணுறது தேக்குல நடக்கும், பலா வருஷம் பூரா பச்சையா நிக்குற மரம், ஒழுங்கா வளையம் விழாது, அதுவும் நடு போச்சுன்னா எண்ண என்ன இருக்கு. வியாபாரி வந்த காரணம் வீணை, மிருதங்கமா இருக்கும். வயசான பலாவ அறுத்தா மஞ்சப்பொடி மாதிரி தூள் கொட்டும், நாள்பட கட்டை செம்பழுப்பாயிரும், அந்த மாதிரி மரத்துக்குத்தான் கிராக்கி. ஆனா பொந்தைக் காட்டியே வெலய அடிப்பாரு, பாத்துக்கோங்க.

வேதாரண்யம் மாங்கா:
அண்ணே ஒரு கேள்வி, அது கன்னு வாங்கி நட்டதா இல்ல கொட்டை போட்டு அங்கயே மொளச்சதா? ஏன் கேக்குறேன்னா 2018 நவம்பர்ல கஜா வந்தப்ப எங்க கொல்லையில (எங்க பக்கம் வீட்டுக்குப் பின்னாடிதான் கொல்லை, உங்க பக்கம் வயக்காட்டச் சொல்வீங்க) தொட்டியில வளத்த ஒட்டு மாங்கன்னு நாங்க நட்டது நாலும் அப்படியே பொரட்டிப் போட்டுருச்சு, வேர் மண்ணுக்குள்ள சுருண்டுதான் கெடந்துச்சு. பக்கத்துலயே தானா மொளச்ச நாட்டு மா, கிளையெல்லாம் போயும் நின்னுச்சு. பலாவுக்கும் ஆணிவேர் ரொம்ப முக்கியம், அது அறுந்தா மரத்துக்குப் பிடிப்பு கம்மி. வயச விடுங்க, இத மொதல்ல வெசாரிங்க.

தூக்கணாங்குருவி:
ரூம மூணடி தள்ளி எடுக்கச் சொல்லுங்க ப்ரோ. இல்லன்னா கிளிக்குஞ்சு பறக்குற வரைக்குமாச்சும் வுடுங்க.

முந்திரிக்காட்டான்:
தட்டிப் பாத்தேன், வீட்டுப் பக்கம் கணீர்னுதான் கேக்குது, தெக்கால ஒரு சாண் எடம் மட்டும் டொப்பு. அந்தப் பக்கம் சாயுற கிளைய மட்டும் கழிக்கச் சொல்லிட்டேன், தம்பி இன்னும் மொகத்தத் தூக்கி வச்சிட்டுதான் இருக்கான்.

நட்டதா மொளச்சதான்னு அத்தைக்குப் போன் போட்டேன். "உங்க தாத்தா எங்கடா நட்டாரு, பாத்திரம் வெளக்குற எடத்துல உக்காந்து நான் தின்னுட்டு துப்புன கொட்டை அது, சாம்பலும் கழனித்தண்ணியும் குடிச்சே வந்துச்சு, பிடுங்கப் போனவர ஆத்தாதான் தடுத்துச்சு"ங்குறாங்க. ஸ்பீக்கர்ல போட்டு அப்பாகிட்ட காட்டினேன். ஒண்ணும் பேசல. கத்தியில எண்ணெயத் தடவிக்கிட்டு தோட்டத்துப் பக்கம் போயிட்டாரு, கீழ ஒண்ணு பழுத்து வாசம் வருதாம்.