மார்கழியும் வீட்டு நாயும்: ஊரோடு வந்துவிட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பள்ளத்தூர் முகப்பு:
ரிட்டயர் ஆகி ஊருக்கே திரும்பியவர்கள்தான் இங்கே அதிகம், அதனால் செட்டிநாட்டு வீட்டைப் பற்றி விளக்கவில்லை. இருப்பது நாங்கள் ரெண்டு பேர். பாதி அறைக்குப் பூட்டு, சாவி பங்காளிகளிடம். நாட்டு நாய் ஒன்று, பேர் கருப்பன். முகப்பை (வாசல் திண்ணைப் பகுதியை) தாண்டி அவன் உள்ளே வரக் கூடாது என்பது வீட்டுக்காரி போட்ட சட்டம். அவனும் வந்ததில்லை. ஐப்பசி மழை கொட்டினால்கூட நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கை மட்டும் நீட்டுவான்.

போன மார்கழியில் ஒரு ராத்திரி பாத்ரூம் போக எழுந்து வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய இடத்தில்) லைட்டைப் போட்டேன். எங்கள் ஆத்தா இருந்த அறை வாசலில் கருப்பன் நிற்கிறான். ஆத்தா போனதிலிருந்து அதைத் திறப்பதில்லை. ஆத்தாவை அவன் பார்த்ததும் இல்லை. குரைக்கவில்லை, முனகவில்லை. பூட்டைப் பார்த்து வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

விரட்டலாம் என்று வாயெடுத்தேன், பின்னால் வீட்டுக்காரி வந்து நின்றாள். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். "படுத்துக்கட்டும், விடுங்க" என்றாள். அடுப்படியிலிருந்து ஒரு சாக்கை எடுத்து வந்து அந்த வாசலிலேயே விரித்தாள். காலையில் ஏன் என்று கேட்டேன். "பனி" என்றாள், அவ்வளவுதான். ஆத்தாவும் இவளும் எப்படி இருந்தார்கள் என்பது தெருவுக்கே தெரியும். அதனால்தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஓட்டுக்கூரை:
அண்ணே, தயவுசெய்து இதை ஆவிக்கதை ஆக்கிவிடாதீர்கள். நம் வீடுகளில் வாசல் நிலையும் பின்கட்டு நிலையும் ஒரே கோட்டில் இருக்கும். வாசலில் நின்று பார்த்தால் தோட்டத்துக் கதவு தெரியும். வெயில் காலத்துக்கு அது சுகம். மார்கழியில் வாடைக்காற்று அந்த வழியாக நேரே ஓடும், முகப்பில் படுத்திருக்கிற சீவனுக்குத்தான் முதல் அடி. வளவை ஒட்டிய அறை வாசல் அந்தக் கோட்டிலிருந்து விலகியிருக்கும், காற்று படாது. போதாததற்கு ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ராத்திரியில் சில்லென்று கிடக்கும். தேக்கு வாசற்படி அப்படி இல்லை. நாய் கெட்டிக்காரத்தனமாக இடம் மாறியிருக்கிறது, வேறொன்றும் இல்லை.

வால் ஆட்டியதற்கு என் கணிப்பு மரநாய். ஆள் நடமாட்டம் இல்லாத அறையென்றால் ஓட்டைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிடும். எங்கள் அப்பச்சி (அப்பா) ஒருமுறை பரணில் திருடன் என்று நினைத்து உலக்கையோடு ஏறினார். அப்பச்சியும் அதுவும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். இறங்கி வந்தவர் ராத்திரி முழுக்கப் பேசவேயில்லை.

பள்ளத்தூர் முகப்பு:
மரநாயைக் கண்டால் கருப்பன் ஊரையே எழுப்புவான் தம்பி. காற்று சரி. வால் சரியில்லை.

சிங்கப்பூர் மகள்:
என் கதை சின்னது. அப்பச்சியும் ஆத்தாவும் தேவகோட்டையில் தனியாக இருக்கிறார்கள். வீடியோ காலில் கூப்பிட்டால் அப்பச்சி முகத்தைக் காட்டமாட்டார், போனை நாய்ப்பக்கம் திருப்பிவிடுவார். "இவனைப் பாரு, இன்னைக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டான்." சரி என்று இட்லிக் கணக்கைக் கேட்டுக்கொள்வேன்.

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் நாய் கொஞ்சம் குண்டாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் நான் அப்பச்சிக்கு வாங்கி அனுப்பிய கம்பளி ஸ்வெட்டர். முன்னங்கால் ரெண்டும் கைக்குள் கச்சிதமாக நுழைந்திருக்கிறது, கையை மடித்துவேறு விட்டிருக்கிறார். காலர் பட்டனும் போட்டாகிவிட்டது. "என்ன அப்பச்சி இது?" என்றேன். "எனக்கு எதுக்கு ஆத்தா, இங்க என்ன பனியா கொட்டுது?" என்றார். சொல்லி முடிக்கும்போதே இருமல். ஆத்தா பின்னாலிருந்து, "துண்டைத் தலையில சுத்திக்கிட்டு அஞ்சு மணிக்கு அதோட ஊருணிக்கரையில நடக்கிறாரு, நீயே கேளு" என்றார்கள். கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார். திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

கால்நடை ஆய்வாளர் (ஓய்வு):
ஸ்வெட்டரைப் பகலில் கழற்றச் சொல்லுங்கள் அம்மா. நம் ஊரில் ராத்திரி இருபது டிகிரிக்குப் பக்கம் இறங்கினாலும் பகலில் வெயில் ஏறிவிடும். கம்பளிக்குள் பனி ஈரம் நின்றால் தோலில் புண் வரும், உண்ணியும் மறைந்துகொள்ளும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி உடம்பில் சதையே இல்லாத இனம் என்றால் ராத்திரிக்கு ஏதாவது போர்த்தலாம். நாட்டு நாய்க்குச் சாக்கு போதும், ஆனால் தினமும் வெயிலில் உதறிக் காயப்போட வேண்டும்.

வயசான நாய் காலையில் எழும்போது பின்னங்காலை இழுத்தால் சோம்பல் என்று நினைக்காதீர்கள், மூட்டுவலி. விடியற்காலைக்குப் பதில் வெயில் வந்தபின் நடத்துங்கள். தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் என்று முடிவு கட்டாதீர்கள், நாயின் உடம்புச் சூடே 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட். நாம் போடுகிற பாராசிட்டமாலை நம் அளவுக்கு அதற்கும் கொடுத்தால் ஈரல் கெட்டுவிடும். சர்க்கரைப் பொங்கலில் கிடக்கிற உலர்திராட்சை சிறுநீரகத்துக்கு ஆகாது, வெங்காயம் இரத்தத்துக்கு ஆகாது. கார்த்திகையில் சேர்ந்த நாய் 63 நாள் கணக்கில் தையில் குட்டி போடும். தெருவில் கிடைத்த குட்டியை வீட்டுக்குள் எடுத்தால் ஆறு வாரத்தில் பார்வோவுக்கும் (குட்டிகளைத் தாக்கும் வயிற்றுப்போக்கு நோய்), மூன்று மாதத்தில் வெறிநோய்க்கும் ஊசி. அவசரம் என்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.

அனுபவம் என்று கேட்டதால் ஒன்று: ஒரு மார்கழிக் காலையில் வயசான தம்பதி ஆட்டோவில் நாயைக் கொண்டுவந்தார்கள். அதன் கழுத்தில் மப்ளர், அவர் கழுத்தில் ஒன்றுமில்லை. நாய்க்கு ஒரு வியாதியும் இல்லை. அவரைத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். போனாரா என்று தெரியாது.

கண்டனூர் பேத்தி:
ஆய்வாளர் ஐயா சொன்னதை எல்லாம் குறித்துக்கொண்டேன், ஆனால் யாரும் மருந்து கேட்கவில்லையே!

பிள்ளையார் நோன்பு அன்று ஆயா (பாட்டி) வீட்டில் இருந்தேன். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், உங்களுக்கே தெரியும். முன்பெல்லாம் வளவு நிறைய ஆள் உட்கார்ந்து இழை எடுப்பார்களாம். இப்போது ஐயா (தாத்தா), ஆயா, நான். கோடி வேட்டியில் நூல் உருவி 21 இழையாகத் திரி சேர்த்து, மாவில் வைத்து நெய் விட்டு ஐயா ஏற்றிக் கொடுத்தார். சுடரோடு வாயில் போட்டுக்கொண்டோம்.

நான் பார்த்தது அதற்கப்புறம். தட்டில் இன்னொரு உருண்டை இருந்தது. பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து ஒன்று எடுப்பது உண்டு. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று ஆயாவுக்குத் தெரியும். திரி போடாத அந்த மாவை உள்ளங்கையில் வைத்து, முகப்பில் கிடந்த நாயின் முன்னால் ஆயா குனிந்து உட்கார்ந்தார். முழங்கால் வலி என்று பூசைக்கே நாற்காலி கேட்டவர். நாய் கையை நக்கி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. ஐயா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயில் புள்ளி:
நோன்பு மாவை நாய்க்குக் கொடுப்பதைப் பெருமையாக எழுத வேண்டுமா? முறை என்று ஒன்று இருக்கிறது.

கண்டனூர் பேத்தி:
திரி போட்டால்தான் இழை. திரி இல்லாதது வெறும் மாவு. வைரவன்பட்டியில் வைரவரைக் கும்பிடும்போது பக்கத்தில் நிற்பது யார் என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

கோயில் புள்ளி:
கோயில் வேறு, வீடு வேறு.

ஓட்டுக்கூரை:
பேத்தி சொல்வதில் ஞாயம் இருக்கிறது. ஆனால் வெல்லமும் நெய்யும் நாய்க்கு ஆகுமா, ஆய்வாளர் ஐயா?

கால்நடை ஆய்வாளர் (ஓய்வு):
ஒரு உருண்டை ஒன்றும் செய்யாது. தினமும் என்றால் எழுதுகிறேன்.

பள்ளத்தூர் முகப்பு:
வேண்டாம் ஐயா, நேற்று எழுதியதையே இன்னும் படித்து முடிக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லுங்கள், சணல் சாக்கு இப்போது எங்கே கிடைக்கிறது? கடையில் கேட்டால் எல்லாம் பிளாஸ்டிக் சாக்குதான் தருகிறார்கள். பழசு கிழிந்துவிட்டது. நான் வாங்கிக்கொண்டு வரவில்லையென்றால் அவள் தன் பழைய சேலையை மடித்துப் போட்டுவிடுவேன் என்கிறாள்.