முதல் வீடு வாங்குபவருக்கு எது உதவி: வட்டி மானியமா, பத்திரச் செலவில் தள்ளுபடியா?

மாடிவீட்டு வாடகைக்காரன்:
மத்திய அரசின் நகர்ப்புற வீட்டுத் திட்டம் இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் உண்டு என்ற தெம்பில் வீடு தேடக் கிளம்பினேன். ஆவடிப் பக்கம் 28 லட்சத்துக்குப் பழைய வீடு ஒன்று பிடித்திருக்கிறது. வங்கிக் கடன் 25 லட்சம் கிடைக்கும். மீதி 3 லட்சம் என் பொறுப்பு. அதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 2.52 லட்சம். ரிசர்வ் வங்கி விதிப்படி இந்த விலை வீட்டுக்குப் பத்திரச் செலவைக் கடனில் சேர்க்க மாட்டார்கள். ஐந்தரை லட்சம் புரட்டினால்தான் பதிவே நடக்கும். மானியமோ அதிகபட்சம் 1.80 லட்சம், அதுவும் ஐந்து வருடத் தவணையில், கடன் கணக்குக்கு. அதே பணத்தைப் பத்திரச் செலவில் கழித்துக்கொண்டால் என்ன?

கடன்மேசை:
வீட்டுக் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன், எனக்கு இதில் உடன்பாடில்லை. பத்திரச் செலவு மாநில அரசின் வருமானம், மானியம் மத்திய அரசுடையது. ஒன்றில் மற்றொன்றைக் கழிப்பது சுலபமில்லை. பழைய திட்டத்தில் 2.67 லட்சம் வரை ஒரே தடவையில் அசலில் கழிந்தது. மானியம் ஏறிய கையோடு வீட்டை விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தவணையாகத் தந்தால் அது நடக்காது. இன்னொன்று: 25 லட்சத்துக்கு 20 வருடம், எட்டரை வட்டி என்றால் மாதம் 21,700 கட்ட வேண்டும். ஐந்தரை லட்சம் சேர்க்க முடியாதவர் இதை எப்படிக் கட்டுவார்?

தையல்கடை செல்வி:
அண்ணா, அந்தக் கடைசி வரி மனதைச் சுட்டது. ஒன்பது வருடமாக 11,000 வாடகையை ஒரு மாதம்கூடத் தவறாமல் கொடுத்தோம். வாடகை கட்டுகிறவர்களுக்குத் தவணை கட்டவும் தெரியும். மொத்தமாகச் சேர்க்கத்தான் வழியில்லை. பதிவுக்கு முந்தின நாள் என் நாலு வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தேன். மறுநாள் பத்திரப் பையில் அந்த அடகுச் சீட்டும் சேர்ந்தே வந்தது. மானியத் தவணை வீட்டுக் கடனுக்குப் போகிறது. நகைக்கடன் வட்டியை நான்தான் தைத்துத் தைத்துக் கட்டுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லியே ஆக வேண்டும். குடும்பத்துப் பெண் பெயரும் பத்திரத்தில் இருக்க வேண்டும் என்ற விதி இல்லையென்றால் என் பெயர் அதில் ஏறியிருக்காது.

கடன்மேசை:
தங்கச்சி, அப்படிச் சொன்னது தப்பு, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பத்திரச் செலவில் சலுகையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 50 லட்சம் வரையிலான புது அடுக்குமாடி வீட்டுக்கு, முதல் விற்பனையில், 2023 டிசம்பரிலிருந்து மொத்தமே 6 சதவீதம்தான். பெண்கள் பெயரில் 10 லட்சத்துக்குள் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு, 2025 ஏப்ரலிலிருந்து.

மாடிவீட்டு வாடகைக்காரன்:
10 லட்சத்துக்கு ஆவடியில் வீடு எங்கே இருக்கிறது சார்? மானியம் வேண்டுமானால் வீட்டின் விலை 35 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அந்த விலைக்கு இங்கே பெரும்பாலும் பழைய வீடுதான், அதற்கு முழு 9 சதவீதம். 35 லட்சம் வரை முதல் வீடு வாங்குபவருக்கு, பழையதோ புதியதோ, அதே 6 சதவீதம் வையுங்கள். எனக்கு 84,000 மிச்சம், அதுவும் பதிவு நாளிலேயே.

தையல்கடை செல்வி:
84,000 என்றால் என் சங்கிலி வீட்டிலேயே இருந்திருக்கும்.