அம்மாவின் மறதிக்குக் காந்தத் தூண்டல்: 20 அமர்வுக்குப் பணம் கட்டலாமா?

மொட்டைமாடி:
அம்மாவுக்கு 71 வயது. ஒரு வருடமாக மறதி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுகிறார். ஒரு பேத்தியைக் கூப்பிட மூன்று பேர் பெயரையும் சொல்லிப் பார்க்கிறார். ஆனால் பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் இன்னும் அவர் கையில்தான். ஒரு ரூபாய் பிசகாது. இங்கே ஒரு கிளினிக்கில் தலையில் காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டுகிறார்கள், டிஎம்எஸ் என்று பெயர். 20 அமர்வுக்கும் முன்பணம். ‘நினைவு திரும்பும்’ என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தண்டவாளம்:
என் மாமனாருக்கு மனச்சோர்வுக்காகச் செய்தோம். பயப்பட ஒன்றுமில்லை. மயக்க மருந்து இல்லை, ஷாக்கும் இல்லை. நாற்காலியில் உட்காரவைத்து, காதில் அடைப்பான் கொடுத்து, சுருளை மெல்ல நகர்த்திக்கொண்டே போனார்கள். ஓர் இடத்தில் அவர் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. அந்தத் துள்ளலை வைத்துத்தான் எவ்வளவு பலமாகத் தூண்டுவது என்று முடிவு செய்கிறார்கள். அப்புறம் மரங்கொத்தி போல டக் டக் என்று சத்தம், அவ்வளவுதான்.

இது நேற்று முளைத்த வித்தையும் இல்லை. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு செய்து காட்டியது. மனச்சோர்வுக்கு, மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்டிஏ 2008-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. நினைவாற்றலுக்கும் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜோயல் வாஸ் குழு 2014-இல் பலன் காட்டியது. தினம் 20 நிமிடம், 5 நாள். முகத்தையும் சொல்லையும் சேர்த்து நினைவில் வைப்பது கூடியது.

கணக்குவாத்தியார்:
அதே ஆய்வில் எத்தனை பேர் என்பதையும் சொல்லுங்கள். 16 பேர். எல்லாரும் 21 முதல் 40 வயதுக்காரர்கள், ஆரோக்கியமானவர்கள். 2019-இல் 64 முதல் 80 வயதுக்காரர்களிடம் செய்தபோதும் ஏறத்தாழ அதே எண்ணிக்கைதான். பலனை நாள்கணக்கில் பார்த்தார்கள், வருடக்கணக்கில் இல்லை. மனச்சோர்வுக்குக் கிடைத்த அனுமதியை மறதிக்குக் காட்டுவது, பைக் லைசென்ஸை வைத்துக்கொண்டு லாரி ஓட்டுவது மாதிரி. அல்சைமர் என்ற மறதி நோய்க்கென்றே நியூரோஏடி என்ற காந்தத் தூண்டல் கருவி எஃப்டிஏ நிபுணர் குழுவிடம் 2019-இல் போனது. பலனுக்கு ஆதாரம் போதாது என்று சொல்லிவிட்டார்கள்.

தண்டவாளம்:
அதற்குப் பிறகு வந்ததை விட்டுவிட்டீர்களே, சார். 2022-இல் ரோமில் கோக் குழு 50 அல்சைமர் நோயாளிகளிடம் 24 வாரம் பார்த்தது. பாதிப் பேருக்குப் போலிச் சிகிச்சை, அதாவது சுருளை வைப்பது போல வைத்து நிஜமாகத் தூண்டாமல் விடுவது. நிஜத் தூண்டல் பெற்றவர்களுக்குச் சரிவு மெதுவானது. ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாம் முடித்து முத்திரை குத்தும்வரை ஒருவருடைய அம்மா காத்திருப்பாரா?

கணக்குவாத்தியார்:
சரிவு மெதுவானது, சரி. ‘நினைவு திரும்பும்’ என்று அவர்கள் சொல்லவே இல்லையே! அங்கே முதல் 2 வாரம் வாரத்துக்கு 5 நாள், பிறகு 22 வாரம் வாரம் ஒரு முறை. இங்கே 20 அமர்வு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

இன்னொன்று. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி மூளைக்குள் ஆழத்தில் இருக்கிறது. வழக்கமான சுருளின் வீச்சு 2, 3 சென்டிமீட்டர்தான். அதனால் வாஸ் குழு அதோடு தொடர்புள்ள மேற்பரப்பு இடத்தை ஒவ்வொருவருக்கும் தனியாக ஸ்கேன் எடுத்துத் தேடியது. உங்கள் கிளினிக்கில் எங்கே வைப்பார்கள் என்று கேளுங்கள். இடது நெற்றி என்றால் அது மனச்சோர்வுக்கு வைக்கும் இடம்.

தண்டவாளம்:
நெற்றிப் பக்கம் வைத்தும் மறதிக்கான ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

கணக்குவாத்தியார்:
நடந்திருக்கின்றன. அவற்றில் சேர்ந்தால் சிகிச்சைக்குக் காசு வாங்க மாட்டார்கள், போலிச் சிகிச்சையாகவும் இருக்கலாம் என்று எழுதியே கையெழுத்து வாங்குவார்கள். முன்பணம் வாங்குகிறவர் ஆய்வு செய்யவில்லை, வியாபாரம் செய்கிறார். (என் அப்பா மூட்டுவலிக்கு இப்படித்தான் ஒரு பெல்ட்டுக்குப் பணம் கட்டினார். இன்னும் பரணில் கிடக்கிறது.)

நைட்ஷிப்ட்:
நான் நர்ஸ். இரண்டு பேரும் சுருளிலேயே நிற்கிறீர்கள். அம்மாவுக்கு பி12 வைட்டமின், தைராய்டு பார்த்தாயிற்றா? அவை குறைந்தாலும் மறதி வரும். காது சரியாகக் கேட்கிறதா? காதில் விழாத சொல்லை நினைவில் வைக்க முடியாது. மனச்சோர்வும் வயதானவர்களிடம் மறதி வேஷத்தில் வரும். தினம் என்னென்ன மாத்திரை போடுகிறார்? வலிப்பு வந்ததுண்டா, பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, தலைக்குள் கிளிப் ஏதாவது உண்டா என்று அந்தக் கிளினிக் கேட்டதா?

சிகிச்சைக்கு ‘முன்னும் பின்னும்’ என்று நினைவுத் தேர்வு மார்க்கைக் காட்டினால் மயங்காதீர்கள். ஒரே தேர்வை இரண்டாம் முறை எழுதினால் சும்மாவே மார்க் கூடும்.

மொட்டைமாடி:
கிளினிக்குக்குப் போன் போட்டேன். எங்கே வைப்பீர்கள் என்றதற்கு, ‘எல்லாருக்கும் ஒரே இடம்தான் மேடம்’ என்றார் ரிசப்ஷன் பெண். வலிப்பு, பேஸ்மேக்கர் பற்றியெல்லாம் பேச்சே இல்லை. ரத்தம் இதுவரை எடுக்கவில்லை. மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன்: பிரஷருக்கு ஒன்று, அப்புறம் அரிப்புக்கு ராத்திரி ஒன்று. அரிப்பு மாத்திரை மெடிக்கலில் கேட்டு வாங்கியது, மூன்று வருடமாகப் போடுகிறாராம்! எனக்கே இன்றுதான் தெரியும்.

நைட்ஷிப்ட்:
அரிப்புக்கான பழைய ரக மாத்திரைகள் சில மூளையை மந்தமாக்கும். இது அந்த ரகமா என்று தெரியாது. அட்டையோடு டாக்டரிடம் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

தண்டவாளம்:
அதை முதலில் பாருங்கள், மறுக்கவில்லை. ஆனால் எல்லாம் நார்மல் என்று வந்து மறதி மட்டும் அப்படியே இருந்தால் வாத்தியார் என்ன சொல்வார் என்று கேட்க ஆசை.

கணக்குவாத்தியார்:
நரம்பியல் மருத்துவரிடம் போய், ஏதாவது ஆய்வில் சேர்க்க முடியுமா என்று கேட்கச் சொல்வேன். முன்பணம் மட்டும் கட்டாதீர்கள்.

மொட்டைமாடி:
வியாழக்கிழமை காலை ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் வரவேண்டுமா என்று அம்மா இதுவரை நான்கு முறை கேட்டுவிட்டார்.