மறு: ‘ஈர்ப்பு உதவி’ என்ற சொல்லை எடுத்துவிடலாமா?

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நாம் தமிழாக்கும் விண்கல விளையாட்டின் சொற்பட்டியலில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. ஒரு சொல்லில் மட்டும் உழவு மெசின் சேற்றில் புதைந்த மாதிரி நிற்கிறோம்: கிராவிட்டி அசிஸ்ட், அதாவது விண்கலம் ஒரு கோளைக் கிட்டக் கடந்து தன் வேகத்தையும் திசையையும் மாற்றிக்கொள்ளும் உத்தி. கோப்பில் இப்போது அது ‘ஈர்ப்பு உதவி’ என்று இருக்கிறது. போட்டவன் நான்தான். எடுக்கச் சொல்லி எழுதுகிறவனும் நான்தான். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டில் வைத்து மருமகன் சோதனைப் பதிப்பை விளையாடினான். தரம் ஒன்பது படிக்கிறான். வியாழன் கோளைத் தொட்டுக்கொண்டு சனிக் கோளுக்குப் போகும் கட்டம் அது. தாங்கியில் எரிபொருள் அடியில் கிடக்கிறது, மிச்சத் தூரத்துக்குப் போதாது. திட்டமிடும் திரையில் ‘ஈர்ப்பு உதவி’ என்ற பொத்தானைப் பார்த்ததும் அவனுக்கு ஒரே சந்தோசம். வியாழனுக்கு எவ்வளவு கிட்டப் போகிறோமோ அவ்வளவு உதவி கிடைக்கும் என்று நினைத்து, மவுஸ் சில்லை உருட்டி உருட்டி, கலத்தின் பாதையைக் காட்டும் நீலக் கோட்டை வியாழனின் வயிற்றோடு ஒட்டவைத்தான். கலம் போனது. வியாழனை நெருங்க நெருங்க வேக எண் ஏறியது. கிட்டத்தில் உச்சிக்குப் போனது. அப்புறம் வெளியே வந்து பார்த்தால், புறப்பட்டபோது இருந்ததைவிடக் குறைவு! நீலக் கோடு சனிப் பக்கம் போகாமல் உள்ளே மடிந்து சூரியனை நோக்கி விழுந்து கிடக்கிறது. பக்கத்தில் வைத்த பிளேன்ரி ஆறிப் போனதைக்கூடக் கவனிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, உதவி எண்டு எழுதியிருக்கு. இது என்ன உதவி?”

பிழை அவனுடையது அல்ல, நாங்கள் வைத்த சொல்லினுடையது.

அவன் வியாழனுக்கு முன்னால் போய்விட்டான். வியாழன் சூரியனைச் சுற்றி நொடிக்கு ஏறக்குறைய 13 கிலோமீற்றர் ஓடிக்கொண்டிருக்கிறது. கலம் அதன் முதுகுப் பக்கமாகக் கடந்தால், வியாழன் தான் போகும் திசைக்கே கலத்தையும் இழுத்துக்கொண்டு போகும். கலத்துக்கு வேகம் கூடும். முகத்துக்கு முன்னால் கடந்தால் பின்னுக்கு இழுக்கும், வேகம் குறையும். வியாழனில் நின்று பார்க்கிறவருக்கு இந்த இரண்டும் ஒன்றுதான். கலம் எந்த வேகத்தில் வந்ததோ அதே வேகத்தில் வெளியேறுகிறது, திசைதான் மாறியிருக்கிறது. விழும்போது ஈர்ப்பு கொடுத்ததை ஏறும்போது ஈர்ப்பே வாங்கிக்கொள்கிறது, ஒரு சதமும் மிச்சம் வைப்பதில்லை. சூரியனிலிருந்து பார்க்கிறவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். அதாவது, கலத்துக்கு வந்து சேர்வது ஈர்ப்பு தந்த வேகமல்ல, கோளின் ஓட்டத்தில் ஒரு துளி. ஈர்ப்பு வெறும் கயிறு. ‘ஈர்ப்பு உதவி’ என்று எழுதினால் கயிற்றுக்கு நன்றி சொல்கிறோம், இழுத்தவனை மறந்துவிடுகிறோம்.

உதவி என்ற சொல்லிலும் கோளாறு. 1974இல் மரினர் 10 விண்கலம் வெள்ளிக் கோளைக் கடந்து புதனுக்குப் போனதே, அது வேகம் கூட்டப் போனதல்ல, சூரியனைச் சுற்றும் ஓட்டத்தைக் குறைக்கப் போனது. பார்க்கர் விண்கலம் 2018இல் புறப்பட்டு 2024 நவம்பர் வரை ஏழு தடவை வெள்ளியைக் கடந்தது. பூமியில் இருந்து புறப்படும் எதுவும் நொடிக்கு 30 கிலோமீற்றர் அளவிலான பூமியின் ஓட்டத்தையும் சுமந்துகொண்டுதான் புறப்படும். அதைக் கழித்தால்தான் சூரியனுக்குக் கிட்டப் போகலாம். ஏழு தடவையும் வெள்ளி வாங்கித்தான் இருக்கிறது, கொடுக்கவில்லை. ஆக, நமக்கு வேண்டிய சொல் கொடுப்பதையும் வாங்குவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி, குழுவில் வந்த சொற்கள்.

> கவண்வீச்சு என்றே வைக்கலாமே. சிலிங்ஷாட் என்று ஆங்கிலத்திலும் சொல்கிறார்களே.

சென்னை நண்பருக்கு: சொல் அழகாகத்தான் இருக்கிறது, தமிழில் பழைய சொல்லும்கூட. ஆனால் கவண் எறிய மட்டும்தான் செய்யும். வந்த கல்லைப் பிடித்து வேகத்தைக் குறைத்து அனுப்பிய கவணை யாரும் கண்டதில்லை. இன்னொன்று, இங்கே பிள்ளைகளுக்குக் கவண் தெரியாது. கெட்டப்போல் என்றால்தான் தெரியும். அதைக் கோப்பில் போட்டால் நீங்களே சண்டைக்கு வருவீர்கள்.

> கிறுகு என்ற சொல்லை எடுத்துப் பாருங்களேன். கோளைக் கிறுகிப் போவது.

வாழைச்சேனை அக்கா, இதைப் படித்ததும் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. நாம் சந்தியில் கிறுகுவோம், பஸ் கிறுகும், கலமும் கிறுகட்டும். ஆனால் இதில் பெயர்ச்சொல் செய்யப் போனால் ‘கிறுக்கம்’ வந்து நிற்கும். அக்கரையில், தமிழ்நாட்டு நண்பர்கள் கோளுக்குப் பைத்தியம் என்று படிப்பார்கள். கட்டுப்பாட்டுக் குறிப்புகளில் வினையாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

சம்மாந்துறை நானாவின் ‘கோள்தொற்று’தான் எனக்கு முதலில் பிடித்தது. காரணம் சொந்தக் கதை. பெரும்போக அறுவடைக் காலத்தில், பள்ளி விட்டு அக்கரைப்பற்று வீதியில் சைக்கிளில் வரும்போது, நெல் மூடை ஏற்றிய உழவு மெசின் ஒன்று முந்திப் போகும். எட்டி ஒரு கையால் பெட்டியின் பின்பலகையைப் பிடித்துத் தொற்றிக்கொண்டால் பெடல் மிதிக்கவே தேவையில்லை. பதர் பறந்து கண்ணில் விழும், மணிக்கட்டு இழுத்துக்கொண்டு வலிக்கும், மெசின்காரர் திரும்பிப் பார்த்து “டேய், கையை விடுங்கடா!” என்று கத்துவார். வீட்டுச் சந்திக்குக் கிட்டக் கையை விட்டால், ஒழுங்கை முடிகிற வரைக்கும் அந்த வேகம் கொண்டுபோய் விடும். நம் ஆட்களுக்கு இதைவிட நல்ல உவமை எங்கே தேடுவது?

ஆனால் சொல் கெட்டுப்போய்விட்டது. 2020க்குப் பிறகு தொற்று என்றால் ஒரே பொருள்தான். ‘வியாழனில் கோள்தொற்று’ என்று திரையில் வந்தால் மாஸ்க் தேடுவார்கள். உவமையிலும் ஓட்டை இருப்பதைக் காரைதீவு சேர் பிடித்துவிட்டார்:

> தம்பி, சைக்கிள் மெசினின் வேகத்துக்கு மேல் போகாது. கோளோ கணக்குப்படி தன் வேகத்தின் இருமடங்கு வரை கூட்டித் தரலாம். எதிரே வரும் பஸ்ஸின் முகத்தில் ரப்பர் பந்தை எறிந்து பார், அதுதான் சரியான உவமை.

நாற்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவரிடம் வாதாட முடியாது. சரி சேர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஸ்ஸும் பந்தும் விளக்கத்துக்கு உதவும், பெயருக்கு உதவாது.

‘கோளிழுவை’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். வளிமண்டலம் கலத்தைத் தடுப்பதற்கு ஏற்கனவே இழுவையைச் செலவழித்துவிட்டோம். ஒரே திரையில் இரண்டு இழுவை வேண்டாம்.

நான் முன்வைப்பது: ஈர்ப்புக் கைமாற்று.

மாதக் கடைசியில் அம்மா பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் ஒரு சுண்டு அரிசி கைமாற்றாக வாங்குவார். அடுத்த கிழமை அதே வேலிக்கு மேலால் அவர்களுக்குச் சீனி போகும். எழுத்தில்லை, வட்டியில்லை. ஒரு கையில் குறைந்தது மறு கையில் கூடியது, அவ்வளவுதான் கணக்கு. மொத்த உந்தம் மாறாது என்ற உந்தக் காப்பு விதியும் இதைத்தானே சொல்கிறது? கலம் பெற்ற உந்தம் எவ்வளவோ, கோள் இழந்ததும் அவ்வளவுதான்.

இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்தது, வாங்கு, கொடு என்ற இரண்டு வினையும் அதோடு இயல்பாகச் சேருவது. விளையாட்டில் வரும் குறிப்பை இப்படி எழுதலாம்: ‘கோளின் பின்னால் கடந்தால் கைமாற்று வாங்குவீர்கள். முன்னால் கடந்தால் கொடுப்பீர்கள்.’ இதை ‘உதவி’ வைத்து எழுதிப் பாருங்கள். ‘உதவி கொடுப்பீர்கள்’ என்று வந்து, விண்கலம் வியாழனுக்கு நிவாரணம் கொண்டுபோகிற மாதிரி ஆகிவிடும்.

கைமாற்று என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, வொயேஜர் விண்கலம் எங்கே கொடுத்தது என்று கேட்பீர்கள். 1977 ஆகஸ்டில் புறப்பட்ட வொயேஜர் 2 வியாழனிடம் 1979இலும், சனியிடம் 1981இலும், யுறேனசிடம் 1986இலும் வாங்கி, 1989இல் நெப்தியூனையும் கடந்து போனது போனதுதான். உண்மை. ஆனால் எங்கள் ஊரில் கொடுத்த கைமாற்றெல்லாம் திரும்பி வந்ததா என்ன? கலம் 720 கிலோ அளவு, வியாழன் திணிவில் பூமியைப்போல் 318 மடங்கு. வாவியில் ஒரு சிரட்டை அள்ளினால் வாவி குறைந்தது குறைந்ததுதான், அளக்க ஆள் இல்லை. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விண்கலக் கணினி விளையாட்டை விளையாடியவர்களுக்கு இன்னொரு வேடிக்கை தெரிந்திருக்கும்: அதில் கோள்கள் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் விதித்த பாதையில் ஓடுகின்றன. எத்தனை தரம் வாங்கினாலும் அவற்றின் கணக்கில் சல்லி கழியாது.

இடையில் குழுவில் ‘நிறை’ என்ற சொல்லின் பொருளை வைத்துக் கொதித்த சண்டைக்கும் ஒரு வார்த்தை. கலத்தின் விபரப் பெட்டியில் ‘நிறை’ என்று இருப்பதை இலங்கையில் படித்தவர்கள் பாரம், அதாவது ஈர்ப்பு இழுக்கும் விசை என்று எடுப்போம். ஈர்ப்பு இல்லாவிட்டாலும் மாறாத பொருளின் அளவுக்கு நமக்குத் திணிவுதான் சொல். தமிழ்நாட்டில் அதே நிறைதான் நமது திணிவு, பாரத்துக்கு அவர்கள் எடை என்பார்கள். வேகம் மாறும் வீதத்துக்கு நாம் ஆர்முடுகல், அவர்கள் முடுக்கம் என்பது மாதிரிச் சொல் வேறாக இருந்தால் புரியாமல் போகும், அவ்வளவுதான். இது அப்படியல்ல, புரிந்த மாதிரி இருந்து பிழையாகப் புரியும். பாரமில்லாத இடத்தில் ‘நிறை 12 தொன்’ என்று காட்டினால் மருமகன் மறுபடியும் என்னைத்தான் பிடிப்பான். அதனால் இலங்கைக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்கு ஒன்று என இரண்டு கோப்பு வைப்பதே சரி. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1936இல் சென்னையில் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். இரு கரையும் ஒரு மேசையில் இருப்பது நமக்குப் புதிதல்ல. கைமாற்று இரு கரையிலும் ஒரே பொருளில் புழங்குவதால் அது இரண்டு கோப்பிலும் அப்படியே இருக்கட்டும்.

ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ‘ஈர்ப்புக் கைமாற்று’ பொத்தானுக்குள் அடங்கவில்லை, கடைசி ‘று’ வெளியே தொங்குகிறது. பொத்தானில் ‘கைமாற்று’ மட்டும், உதவிப் பக்கத்தில் முழுச் சொல் என்று வைக்கலாம். வரும் வெள்ளிக்கிழமைக்குள் பலமான மறுப்பு வராவிட்டால் மாற்றிவிடுகிறேன்.

கல்லடியிலிருந்து,
‘ஈர்ப்பு உதவி’யைப் போட்ட அதே ஆள்

பி.கு.: நேற்றிரவு மருமகன் வியாழனின் பின்னால் போய் வாங்கிவிட்டான். வாங்கியது கூடிப்போய், சனியில் நிறுத்த எரிபொருள் இல்லாமல் தாண்டிப் பறக்கிறான். “மாமா, கொஞ்சத்தைத் திருப்பிக் குடுக்க ஏலுமா?” என்று கேட்டான். சனியின் நிலவான டைட்டனுக்கு முன்னால் கடந்து பார், கொஞ்சம் ஏலும் என்றேன். இன்னும் கோட்டை உருட்டிக்கொண்டிருக்கிறான்.