பஸ்கா மேசையில் மூன்று அப்பம்: யூதப் பண்டிகைகளை நாம் ஆசரிக்க வேண்டுமா?

கடுகுவிதை:
எல்லோருக்கும் வணக்கம். எகிப்திலிருந்து விடுதலையானதை நினைத்து யூதர்கள் ஆசரிப்பது பஸ்கா. பெரிய வியாழனன்று எங்கள் சபையில் அந்தப் "பஸ்கா விருந்து" நடந்தது. வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் நடத்தினார். மட்ஸா என்கிற புளிப்பில்லாத அப்பம் மூன்றைத் துணிப்பைக்குள் அடுக்கி வைத்து, நடுவில் இருந்ததை எடுத்து உடைத்து, ஒரு பாதியைத் துணியில் சுற்றி ஒளித்தார். பிள்ளைகள் தேடிக் கண்டுபிடித்தார்கள். மூன்று அப்பம் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்கிற திரித்துவமாம், உடைந்தது குமாரனாம், துணியில் சுற்றியது அடக்கம், கண்டுபிடித்தது உயிர்த்தெழுதல். அப்பத்தின் கோடுகள் ஏசாயா 53-ல் வரும் தழும்புகள், ஓட்டைகள் ஆணித் துளைகள். "கடைசி இராப்போஜனத்தில் இயேசு செய்தது அப்படியே இதுதான்" என்றார். பலர் அழுதார்கள். நானும்தான்.

கடைசியில், லேவியராகமம் 23-ல் உள்ள ஏழு பண்டிகைகளையும் நாம் ஆசரித்தே ஆக வேண்டும், கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் மனுஷர் உண்டாக்கியவை என்று சொன்னபோதுதான் உறுத்தியது. அடுத்த வருடமும் நடத்தலாமா என்று கமிட்டியில் பேசப் போகிறோம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூடாரவாசி:
பிரதர், தயங்காமல் நடத்துங்கள். லேவியராகமம் 23-ஐத் திறந்து பாருங்கள். "யூதருடைய பண்டிகைகள்" என்றா இருக்கிறது? "கர்த்தருடைய பண்டிகைகள்" என்று இருக்கிறது. எபிரெயத்தில் மோஎத், அதாவது குறித்த வேளை. தேவன் குறித்து வைத்த நாட்களில் தேவனே செயல்பட்டார். பஸ்கா நாளில் ஆட்டுக்குட்டியானவர் மரித்தார், புளிப்பில்லாத அப்பப் பண்டிகையில் கல்லறையில் இருந்தார், முதற்பலன் நாளில் எழுந்தார், 50-ஆம் நாள் பெந்தெகொஸ்தேயில் ஆவியானவர் இறங்கினார். நான்கும் நாள் தவறாமல் நடந்தன. எக்காளம், பாவநிவிர்த்தி, கூடாரம் என்று மூன்று பாக்கி. அவை இரண்டாம் வருகைக்கு. சகரியா 14-ல் சகல ஜாதிகளும் கூடாரப்பண்டிகைக்கு எருசலேமுக்கு வருவார்கள் என்று இருக்கிறதே, அதை என்ன செய்வது?

மணிமுத்தாறு:
"கர்த்தருடைய பண்டிகை" சரி. ஆனால் யோவான் தன் சுவிசேஷத்தில் "யூதருடைய பஸ்கா" என்றே எழுதுகிறார், 2:13-ஐப் பாருங்கள். ஒரு சொல்லை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

கடுகுவிதை ஐயா கேட்டதற்கு வருகிறேன். அந்த ஊழியர் மேசையில் வைத்தது இயேசு உட்கார்ந்த மேசை இல்லை. ஆலயம் இருந்தவரை பஸ்கா என்றால் ஆட்டுக்குட்டி. ஆலயத்தில் அடித்து, எருசலேமுக்குள்ளேயே சுட்டு, அன்றிரவே சாப்பிட்டு முடிக்க வேண்டும். கி.பி. 70-ல் ரோமர்கள் ஆலயத்தை இடித்த பிறகு அடிக்க ஆடும் இல்லை, இடமும் இல்லை. பண்டிகையைக் காப்பாற்ற ரபீக்கள், அதாவது யூத மத ஆசான்கள், அதை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மறுபடி கட்டினார்கள். ஏறக்குறைய கி.பி. 200-ல் தொகுத்த மிஷ்னா என்கிற யூதச் சட்டத் தொகுப்பில்தான் அந்த ஒழுங்கு நமக்குத் தெளிவாகக் கிடைக்கிறது. நான்கு கிண்ணம், பிள்ளையின் கேள்விகள், கசப்புக் கீரை எல்லாம் அங்கே உண்டு. மூன்று அப்பத்தைத் துணிப்பைக்குள் வைத்து நடு அப்பத்தை உடைத்து ஒளிக்கும் சடங்கு அங்கே இல்லை.

மூன்று என்ற எண்ணே கறாரானதல்ல. 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிதெஸ் இரண்டு அப்பம் போதும் என்று எழுதி வைத்தார். இன்றும் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. அந்த வீடுகளில் திரித்துவம் என்ன ஆவது? ஓட்டை போடுவது மாவு உப்பாமல் இருக்க. கோடு அடுப்பில் விழுவது. நம் சப்பாத்தியிலும்தான் கரும்புள்ளி விழுகிறது.

கூடாரவாசி:
சப்பாத்தி உதாரணத்தை ரசித்தேன் ஐயா. ஆனால் ஒளித்து வைக்கும் அந்தத் துண்டின் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அஃபிகோமன். அது எபிரெயச் சொல்லே இல்லை, கிரேக்கம். "வந்தவர்" என்று பொருள். இதைச் சொன்னது ஏதோ யூட்யூப் பிரசங்கி இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் சட்டப் பேராசிரியராக இருந்த டேவிட் டௌப், அவரே யூதர்.

மணிமுத்தாறு:
டௌப் சொன்னது உண்மை, அவருக்கு முன் ஐஸ்லர் என்கிற அறிஞரும் சொன்னார். ஏற்றுக்கொண்டவர்கள் குறைவு. மிஷ்னாவில் அந்தச் சொல் வரும் இடத்தைப் பாருங்கள்: பஸ்கா சாப்பாட்டுக்குப் பிறகு அஃபிகோமன் கூடாது. விலக்க வேண்டிய ஒன்றுக்குத்தான் அங்கே அந்தப் பெயர். விருந்து முடிந்ததும் கிரேக்கர்கள் பாட்டும் கூத்துமாக அடுத்த வீட்டுக்குக் கிளம்புவார்களே, அந்தக் களியாட்டம் என்றுதான் பெரும்பாலான அறிஞர்கள் பொருள் கொள்கிறார்கள். அப்பத் துண்டுக்கு அந்தப் பெயர் வந்தது பிற்பாடு.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உங்கள் முதல் பதிவிலேயே இருக்கிறது. மாற்கு 14-ன்படி கடைசி இராப்போஜனமே பஸ்கா விருந்து. அப்படியானால் இயேசு மரித்தது பஸ்கா சாப்பிட்டு முடித்த மறுநாள். யோவான் 18:28-ன்படி பிலாத்துவிடம் கொண்டுபோகும்போது யூதர்கள் இன்னும் பஸ்கா சாப்பிடவில்லை. ஆட்டுக்குட்டி அடிக்கும் நாளில்தான் மரணம். "ஆட்டுக்குட்டி அடிக்கும் நாளில் மரித்தார்" என்பதற்கு உங்களுக்கு யோவான் வேண்டும். "இராப்போஜனமே பஸ்கா விருந்து" என்பதற்கு மாற்கு வேண்டும். அந்த ஊழியர் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துவிட்டார்.

முதற்பலனும் அப்படித்தான். அதற்கு லேவியராகமம் சொல்லும் "ஓய்வுநாளுக்கு மறுநாள்" என்பது எந்த நாள் என்று அக்கால யூதப் பிரிவுகளான பரிசேயருக்கும் சதுசேயருக்கும் சண்டையே இருந்தது. சதுசேயர் கணக்கில் அது எப்போதும் ஞாயிறு. பரிசேயர் கணக்கில் நிசான் என்கிற யூத மாதத்தின் 16-ஆம் தேதி, எந்தக் கிழமையிலும் வரலாம்.

கூடாரவாசி:
சாக்கடல் ஓரம் கும்ரானில் இருந்த யூதப் பிரிவினர் வேறு நாட்காட்டி வைத்திருந்தார்கள். இயேசு அந்தக் கணக்கில் ஒரு நாள் முன்னதாகச் சாப்பிட்டிருக்கலாமே. பாப்பரசர் பதினாறாம் பெனடிக்டே 2007-ல் தன் மறையுரையில் இதைச் சொன்னார்.

பாஸ்காதிரி:
எங்கள் ஆள் பெயர் வந்ததால் உள்ளே வருகிறேன் :) சொன்னார், உண்மை. பிறகு எழுதியதில் அந்தக் கருத்தை விட்டுவிட்டு யோவானின் கணக்கு பக்கம் சாய்ந்தார்.

கத்தோலிக்கர் பழைய பாஸ்காவை மறந்துவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். உயிர்ப்புப் பெருவிழா திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டு வாசகங்களைச் சூழ்நிலைக்கு ஏற்பக் குறைக்கலாம். செங்கடலைக் கடக்கும் விடுதலைப் பயணம் 14-ஐ மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது. மெழுகுதிரிக்குப் பெயரே பாஸ்கா திரி. ஆனால் யூதர்களின் செதர் விருந்தை எடுத்து, இறுதியில் புதிய ஏற்பாட்டு வாசகம் சேர்த்து அதற்கு "ஞானஸ்நானம்" கொடுப்பது தவறு என்று அமெரிக்க ஆயர்களின் வழிபாட்டுக் குழு 1988-லேயே எழுதியது. அது இன்னும் உயிரோடு இருக்கும் ஒரு மக்களின் வழிபாடு, நம்முடைய நாடக மேடை இல்லை.

கூடாரவாசி:
நாடகம் என்கிறீர்கள். முதல் கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள்? யோவானைக் கண்ட ஆயர் பொலிகார்ப்பு, பஸ்கா ஆட்டுக்குட்டி அடிக்கும் நாளான நிசான் 14-ஐத்தான் ஆசரித்தார். ரோமாபுரிக்குப் போய் அங்கிருந்த ஆயர் அனிசேட்டஸிடம் அதையே சொன்னார். ஏறக்குறைய கி.பி. 190-ல் ரோம ஆயர் விக்டர் ஆசியா சபைகளையே விலக்கப் பார்த்தார். எபேசுவின் ஆயர் பொலிக்கிராத்தஸ் மசியவில்லை. அப்புறம் 325-ல் நிசேயா சங்கம் ஈஸ்டர் தேதியைத் தீர்மானித்தது. "யூதருடன் நமக்குப் பொதுவாக எதுவும் இருக்கக்கூடாது" என்ற தொனியில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கடிதமே எழுதினார். நாம் இந்தப் பண்டிகைகளை இழந்தது வேதத்தால் இல்லை, வெறுப்பால்.

மணிமுத்தாறு:
இதில் பெரும்பகுதி சரி, மறுக்கமாட்டேன். கான்ஸ்டன்டைனின் கடிதம் படிக்கவே கூசும். 386-87-ல் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் என்கிற சபைப் போதகர் யூதருக்கு எதிராகச் செய்த பிரசங்கங்கள் இன்னும் மோசம். ஆனால் அவர் ஏன் அப்படிக் கத்தினார்? அவருடைய சபையார் எக்காளப் பண்டிகைக்கும் கூடாரப் பண்டிகைக்கும் ஜெப ஆலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். முந்நூறு வருடம் கழித்தும் பிரிவு முழுமையாகவில்லை.

ஒன்று மட்டும் திருத்துகிறேன். பொலிகார்ப்பு ஆசரித்தது அதே நாளை, அதே சடங்கை இல்லை. அவர்களுடைய பஸ்கா இயேசுவின் பாடுகளின் நினைவு. 70-க்குப் பிறகு ரபீக்கள் ஒரு பக்கம் பஸ்காவைப் புதிதாகக் கட்டினார்கள், சபை இன்னொரு பக்கம் கட்டியது. ஒன்று நிழல், மற்றது நிஜம் என்பதைவிட, இடிந்த ஒரே வீட்டிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள் என்பேன். அண்ணன் வீட்டுச் சாமானை எடுத்து "இது எங்களைப் பற்றித்தான், உனக்குத்தான் தெரியவில்லை" என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்?

வழிப்போக்கன்:
எக்காளப் பண்டிகையில் இயேசுவின் வருகை என்று 2025 செப்டம்பரில் எங்கள் குடும்ப வாட்ஸாப்பில் ஒரே ரகளை. 1988-லும் இதே ரோஷ் ஹஷானாவுக்கு (எக்காளப் பண்டிகையின் இன்றைய பெயர்) இதே கதை என்று அப்பா சொன்னார். நாங்கள் இன்னும் இங்கேயேதான் இருக்கிறோம். யூதப் பண்டிகைகளில் சந்திர கிரகணம் வருகிறது, முடிவு நெருங்கிவிட்டது என்ற 2014-15 இரத்த நிலாக் கதையும் ஞாபகம் இருக்கிறதா? பஸ்காவும் கூடாரப் பண்டிகையும் பௌர்ணமியில் வருபவை. சந்திர கிரகணமும் பௌர்ணமியில் மட்டும்தான் வரும். இதில் என்ன அதிசயம்?

கூடாரவாசி:
தேதி குறிப்பவர்களை நானும் ஏற்கவில்லை. அவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம்.

ஹைஃபா_ரோஸ்லின்:
நான் படித்தவள் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன். இஸ்ரேலில் ஹைஃபாவில் ஒரு யூதப் பெரியவரை ஆறு வருடம் பராமரித்தேன். சபா என்று கூப்பிடுவேன், ஹீப்ருவில் தாத்தா. பஸ்காவுக்கு முன் வீடு முழுக்கப் புளிப்பு தேடுவோம். சட்டைப் பையைக்கூட உதற வேண்டும், பிஸ்கட் துகள் இருந்துவிடக்கூடாதே. முந்தின இரவு விளக்கை அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தியோடு மூலை மூலையாகத் தேடுவார். மறுநாள் செதர். கடைசிப் பேரன்தான் கேள்வி கேட்பான்: "இந்த இரவு ஏன் மற்ற இரவுகளைப்போல் இல்லை?" முள்ளங்கி மாதிரி ஒரு காரக் கிழங்கைத் துருவி வைப்பார்கள், மூக்கில் ஏறும். எலியா தீர்க்கதரிசி வருவார் என்று கதவைத் திறப்பார்கள்.

ஒருமுறை நான், "சபா, இந்த அப்பம் எங்கள் இயேசுவைக் காட்டுகிறதாம்" என்றேன். கோபப்படவில்லை. அவருடைய பாட்டி கிஷினேவ் ஊர்க்காரர், அது இன்றைய மால்டோவாவில் இருக்கிறது. 1903-ல் ஈஸ்டர் ஞாயிறன்று அங்கே கலவரம் தொடங்கியது. கிறிஸ்தவப் பிள்ளையின் இரத்தத்தை யூதர்கள் பஸ்காவுக்கு எடுக்கிறார்கள் என்ற பொய்யைப் பத்திரிகையே பரப்பியிருந்தது. 49 யூதர்களைக் கொன்றார்கள். "எங்கள் வீட்டில் கதவைத் திறப்பது எலியாவுக்காக மட்டும் இல்லை, வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கவும்தான்" என்றார். அதற்குப் பிறகு அந்த அப்பத்தைப் பற்றி நான் எதுவும் சொன்னதில்லை.

கூடாரவாசி:
சிஸ்டர், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்தப் பெரியவரிடம் நானாக இருந்தாலும் வாதாடமாட்டேன்.

ஆனாலும் கேட்கிறேன். இயேசு யூதர். "நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்து" என்று 1 கொரிந்தியர் 5-ல் எழுதிய பவுலும் யூதர். அவர்கள் இணைத்ததை நாம் பேசவே கூடாதா?

மணிமுத்தாறு:
பேசலாம். பேசாமல் யோவானை வாசிக்கவே முடியாது. நாம் கூடாரப்பண்டிகை என்று மொழிபெயர்த்துவிட்டதால் துணிக்கூடாரம் மனதில் வருகிறது. உண்மையில் அது நம் ஓலைப் பந்தல் மாதிரி, மேலே நட்சத்திரம் தெரிய வேண்டும். அந்தப் பண்டிகை நாட்களில் சீலோவாம் குளத்திலிருந்து பொன் குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து பலிபீடத்தில் ஊற்றுவார்கள். மழைக்காலத்துக்குச் சற்று முந்திய நேரம் அது. யோவான் 7:37-ல் அதே பண்டிகையின் கடைசி நாளில் இயேசு எழுந்து நின்று, தாகமாயிருக்கிறவன் என்னிடத்தில் வரட்டும் என்கிறார். தண்ணீர்ச் சடங்கு தெரியாதவனுக்கு அது பொதுவான ஒரு வசனம். தெரிந்தவனுக்கு உடம்பு சிலிர்க்கும். பெண்கள் முற்றத்தில் பெரிய விளக்குகள் ஏற்றுவார்கள், எருசலேமில் வெளிச்சம் படாத முற்றமே இல்லை என்கிறது மிஷ்னா. அடுத்த அதிகாரத்தில் "நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்". அந்தக் குளத்தின் படிகள் 2004-ல் சாக்கடை வேலையின்போது வெளிப்பட்டன, தெரியுமா?

நடுவில் மிஷ்னா சொல்வதை நானே ஆதாரமாக எடுக்கிறேன் என்று நீங்கள் பிடிக்கலாம். ஆலயச் சடங்கை நினைவிலிருந்து எழுதியதற்கும், பல நூற்றாண்டு கழித்து வந்த துணிப்பைக்கும் வித்தியாசம் இருக்கிறது.

கூடாரவாசி:
அதைத்தான் பிடிக்க வந்தேன், முந்திக்கொண்டீர்கள். சரி, "ஆசரித்தே ஆக வேண்டும்" என்று அந்த ஊழியர் சொன்னது கொலோசெயர் 2:16-க்கு ஒத்து வராது, அதை விட்டுத் தருகிறேன். ஆசரிக்கிறவனைக் குற்றப்படுத்தக் கூடாது என்பதும் அதே வசனம்தான். நான் என் வீட்டில் தொடர்ந்து ஆசரிப்பேன்.

குமரிமுனை:
இவ்வளவு தூரம் போகிறீர்களே, பக்கத்தில் பாருங்கள். எங்கள் அம்மாச்சி கேரளத்துச் சுறியானிக் கிறிஸ்தவக் குடும்பம். பெரிய வியாழன் இரவு பெசகா அப்பம் உண்டு. பெசகா என்பதே சுறியானியில் பஸ்கா. மேலே குருத்தோலையில் சிலுவை வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். ஜெபம் முடிந்ததும் வீட்டுப் பெரியவர் பிட்டு, வயது வரிசையில் கொடுப்பார். கூடவே தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்த பால். அந்த வருடம் சாவு விழுந்த வீட்டில் அப்பம் சுடமாட்டார்கள், பக்கத்து வீட்டார் கொண்டுவந்து கொடுப்பார்கள். யாருடைய சடங்கையும் கடன் வாங்கவில்லை, எங்களுடையதுதான்.

கடுகுவிதை:
எல்லோருக்கும் நன்றி. கமிட்டியில் இப்படிச் சொல்லப் போகிறேன்: மூன்று அப்பம் வேண்டாம், பெரிய வியாழனன்று யாத்திராகமம் 12-ஐயும் யோவான் 13-ஐயும் முழுதாக வாசிப்போம், அப்புறம் ஒன்றாகச் சாப்பிடுவோம். ரோஸ்லின் அக்கா சொன்னதை, அவர் சம்மதித்தால், படித்துக் காட்டுவேன். குமரிமுனை, அந்த அப்பத்துக்கு என்னென்ன சேர்ப்பார்கள்?

ஹைஃபா_ரோஸ்லின்:
படியுங்கள் தம்பி.

குமரிமுனை:
பச்சரிசி மாவு, ஊறவைத்து அரைத்த உளுந்து, தேங்காய், சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம். புளிக்க விடாமல் உடனே வேகவைக்க வேண்டும்.

கூடாரவாசி:
அரிசி, உளுந்து இரண்டையுமே மரபைக் கடைப்பிடிக்கும் அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி) யூதர்கள் பஸ்காவில் தொடமாட்டார்கள், சொல்லிவிட்டேன்.

மணிமுத்தாறு:
செஃபார்தி (ஸ்பெயின் வழி) யூதர்கள் பலர் அரிசி சாப்பிடுவார்கள். ஆனால் மட்ஸாவை அரிசியில் செய்தால் அவர்களுமே ஏற்கமாட்டார்கள். கோதுமை, பார்லி மாதிரி ஐந்து தானியம் மட்டும்தான். இந்த இழையில் நானும் கூடாரவாசியும் ஒத்துப்போனது உளுந்து விஷயத்தில் மட்டும்.